தக்கை, திருகு, காகிதம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தின் பிற்பகல் அமர்வில் பேசியது. மலருக்காக எழுதித் தந்தது.)



சாப்பாட்டுக்குப் பிறகு பேச விட்டிருக்கிறார்கள். பாயசம் இரண்டு தடவை வந்ததை நானே பார்த்தேன். ஆகவே தூங்குகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். குறட்டை மட்டும் வேண்டாம்.

செயலாளர் போன் செய்து, "என்ன தலைப்புன்னு சொல்லுங்க, அழைப்பிதழ்ல போடணும்" என்றார். "கார்க் ஸ்க்ரூ" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் வர்றாங்களே சார்..." என்று இழுத்தார். அதனால்தான் அழைப்பிதழில் 'ஒரு சிறு கருவியின் வரலாறு' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருக்கிறது. பயப்பட வேண்டாம். நான் பேசப்போவது பாட்டிலுக்குள் இருப்பதைப் பற்றி அல்ல, பாட்டிலின் வாயைத் திறப்பதைப் பற்றி மட்டும்தான்.

என் தொழில் உங்களில் பலருக்குத் தெரியாது. இங்கே மெக்கானிக்கல் படித்துவிட்டு வெளியே போன நான், இயந்திரம் எதையும் செய்யவில்லை. மற்றவர்கள் செய்த இயந்திரங்களைப் பற்றி எழுதிப் பிழைத்தேன். காப்புரிமை விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் வேலை. பேட்டன்ட் என்றால் எல்லோருக்கும் புரியும். ஒருவர் ஒரு பம்ப்பையோ பூட்டையோ கொண்டுவந்து மேசையில் வைப்பார். இதில் புதுசு எது, பழசு எது என்று பிரித்து, அந்தப் புதுசை மட்டும் வக்கீல் தமாஷ் பண்ண முடியாத வாக்கியங்களில் எழுதித் தர வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் அதைச் செய்தேன்.

இதோ, இதைப் பாருங்கள். பின்வரிசைக்கும் அனுப்புகிறேன், பத்திரமாகத் திரும்பி வர வேண்டும். பித்தளைக் குழாய், மேலே எலும்புக் கைப்பிடி, கீழே இரும்புச் சுருள். சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்து போவதற்குச் சில வருஷங்களுக்கு முன், அங்கே பழைய சாமான் கடை ஒன்றில் 4 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர், "வெள்ளைக்காரன் தண்ணி பம்ப்பு சார்" என்றார். நானும் ஏதோ பம்ப்பின் பாகம் என்றுதான் நினைத்தேன். வீட்டில் புளி போட்டுத் தேய்த்தபோது குழாயின் மேல் ஒரு சின்னமும் லத்தீன் எழுத்தும் தெரிந்தன. 'நே ப்ளுஸ் உல்ட்ரா'. இதற்கு மேல் எதுவும் இல்லை என்று அர்த்தமாம். ஒரு பம்ப்புக்கு இவ்வளவு கர்வமா என்று தேட ஆரம்பித்தேன். இன்னும் முடியவில்லை.

அடிப்படையிலிருந்து வருகிறேன். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிலக்கரி உலை வைத்துக் கெட்டியான கண்ணாடி பாட்டில் செய்யக் கற்றார்கள். கழுத்து உறுதியானதால் தக்கையை உள்ளே முழுக்க அடித்து இறக்கலாம் என்று ஆயிற்று. தக்கை என்பது ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை, போர்ச்சுகல் பக்கம் அதிகம். நசுக்கினால் சுருங்கும், விட்டால் விரிந்து கண்ணாடியைக் கவ்வும். இறக்குவது சுலபம். எடுப்பதற்குத்தான் பிடியில்லை. இன்றைய ஒயின் பாட்டிலில் தக்கையை நேராக இழுக்கவே 20 முதல் 40 கிலோ எடையைத் தூக்கும் அளவு பலம் வேண்டும். அரிசி மூட்டை தூக்குகிற பலத்தைச் சாப்பாட்டு மேசையில், சட்டையில் சிந்தாமல், விருந்தாளி முன்னால் காட்ட வேண்டும் என்றால் எப்படி?

விடை துப்பாக்கியிலிருந்து வந்தது. அந்தக் காலத் துப்பாக்கியில் வெடிக்காமல் போன குண்டும் பஞ்சும் குழாயில் சிக்கிக்கொள்ளும். அதைக் கொக்கி போட்டு எடுக்க நீளக் கம்பியின் நுனியில் ஒரு எஃகுச் சுருள் வைத்திருந்தார்கள். எவனோ ஒரு சிப்பாயோ, துப்பாக்கி செய்கிற கொல்லனோ அந்தச் சுருளைத் தக்கைக்குள் விட்டிருக்கிறான். யார், எந்த ஊர், எந்த வருஷம்? ஒன்றும் தெரியாது. அச்சில் நமக்குக் கிடைக்கும் முதல் தடயமே 1681-இல்தான். லண்டன் ராயல் சொசைட்டியின் அருங்காட்சியகப் பொருள்களுக்கு நெஹமையா க்ரூ என்பவர் பட்டியல் போட்டார். அதில் போகிற போக்கில், பாட்டிலிலிருந்து தக்கை எடுக்கப் பயன்படும் எஃகுப் புழு என்று ஒரு வரி. புழு என்றே எழுதுகிறார். இன்றும் ஆங்கிலத்தில் அந்தச் சுருளுக்குப் புழு என்றுதான் பெயர். எல்லோருக்கும் தெரிந்த சாமான் என்கிற தொனியில் எழுதுகிறாரே தவிர, செய்தவன் பெயரில்லை. அவனிடம் காகிதம் இல்லை. இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே போனது. பெயரோடு முதல் ஆள் வருவது 1795 ஆகஸ்ட் 24. தக்கைத் திருகிக்கு இங்கிலாந்தில் வழங்கப்பட்ட முதல் காப்புரிமை அன்றைய தேதியிட்டது. வாங்கியவர் கொல்லர் இல்லை, இன்ஜினீயர் இல்லை. ஒரு பாதிரியார்! சாமுவேல் ஹென்ஷால். ஆக்ஸ்ஃபோர்டில் ப்ரேஸ்னோஸ் கல்லூரியைச் சேர்ந்தவர். பழைய ஆங்கில மொழியில் புலவர். மொழியைப் பற்றிப் புத்தகம் எழுதினார். 11-ஆம் நூற்றாண்டு நிலக் கணக்குப் பதிவேட்டின் சில பகுதிகளை மொழிபெயர்த்தார். 1800-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆங்கிலோ-சாக்ஸன் பேராசிரியர் பதவிக்குப் போட்டியிட்டார், கிடைக்கவில்லை. பிறகு லண்டன் போ பகுதியில் செயின்ட் மேரி தேவாலயத்தில் குருவாகி, 1807-இல் காலமானார். அந்தப் புத்தகங்களை இன்று தேடிப் படிப்பவர்கள் அபூர்வம். தக்கை எடுக்கும் திருகியில் ஒரு சின்ன வில்லை வைத்ததற்காக உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் அவர் பெயரைச் சொல்கிறார்கள். ஆகஸ்ட் 24-ஐத் தக்கைத் திருகி நாளாகவே கொண்டாடுகிறார்கள். தமிழ்த் துறை ஆசிரியர்கள் மன்னிக்கணும், நான் யாரையும் சொல்லவில்லை.

அந்த வில்லை என்ன செய்கிறது? சுருளுக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு வட்டத் தட்டு, அவ்வளவுதான். சுருளைத் திருகிக்கொண்டே போனால் வில்லை தக்கையின் தலையில் வந்து முட்டும். அதற்கு மேல் சுருள் இறங்க முடியாது. ஆனால் கை திருகுவதை நிறுத்தவில்லையே? இப்போது தக்கையே சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். சுற்றியதும் கண்ணாடிக்கும் தக்கைக்கும் இருந்த ஒட்டு விட்டுப்போகும். பிறகு இழுப்பது பாதி வேலைதான். முதலாம் ஆண்டு மாணவர்களே, நிலை உராய்வு, இயக்க உராய்வு என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறீர்களே, அதுதான் இது. ஹென்ஷாலின் திருகியில் ஒரு லத்தீன் வாசகம் பொறித்திருந்தார்கள், 'ஓப்ஸ்டாண்டோ ப்ரோமோவெஸ்'. தடுத்து நின்றே முன்னேற்றுகிறாய் என்று பொருள் சொல்லலாம். புலவர் இல்லையா, ஒரு வில்லைக்கு இதைவிடப் பொருத்தமாக யார் எழுத முடியும்!

செய்து கொடுத்தவர் யார் தெரியுமா? பர்மிங்ஹாம் சோஹோ தொழிற்சாலையின் மேத்யூ போல்ட்டன். ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி. நீராவி இயந்திரம் ஒரு பக்கம், பாதிரியாரின் திருகி ஒரு பக்கம். வாட்டின் காப்புரிமை 1800 வரை நீட்டிக்கப்பட்டதால் போல்ட்டனுக்குக் காகிதத்தின் அருமை நன்றாகவே தெரியும்.

இங்கே ஒரு சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. இந்த வில்லையை ஹென்ஷாலுக்கு முன்னால் ஒரு கொல்லன்கூடவா வைத்துப் பார்த்திருக்க மாட்டான்? நூறு வருஷமாகத் தினமும் தக்கையோடு மல்லுக்கட்டுகிற ஊரில்? என் தொழில் புத்திக்கு அது நம்பும்படியாக இல்லை. ஆனால் என் நம்பிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஹென்ஷாலிடம் காகிதம் இருக்கிறது.

அந்தக் காகிதம் என்ன விலை என்று பாருங்கள். அன்றைக்கு இங்கிலாந்துக்கு மட்டும் காப்புரிமை வாங்க 100 பவுண்டுக்கு மேல் ஆகும். ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் சேர்த்தால் 300-ஐத் தாண்டும். ஒரு தொழிலாளி வருஷம் முழுக்க உழைத்தாலும் கையில் பார்க்காத பணம். அது போக, ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அலைச்சல். 1850-இல் சார்லஸ் டிக்கன்ஸ் 'ஒரு ஏழையின் காப்புரிமைக் கதை' என்று ஒன்று எழுதினார். ஒரு கைவினைஞன் தன் கண்டுபிடிப்புக்கு உரிமை கேட்டு ராணியில் ஆரம்பித்து, முப்பதுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி, முத்திரை மெழுகுக்குப் பொறுப்பான ஆளின் உதவியாளர் வரை எல்லோருக்கும் கட்டணம் கட்டுகிறான். தாசில்தார் ஆபீஸ் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை ஒன்றும் புதிதாக இருக்காது.

இனி என் கையிலிருந்த பித்தளைக் குழாய்க்கு வருகிறேன். எங்கே வந்துகொண்டிருக்கிறது? ஆ, நாலாவது வரிசை. தம்பி, கைப்பிடியை நிறுத்தாமல் ஒரே திசையில் திருகு. பார், முதலில் சுருள் இறங்கும். முழுக்க இறங்கியதும் நீ திசையை மாற்றவே இல்லை, ஆனாலும் இனிமேல் அது மேலே வரும். பாட்டில் இருந்தால் தக்கையும் கூடவே வரும். எதிர்ப்பக்கம் திருகினால் தக்கை சுருளிலிருந்து தானே கழன்று விழும். இழுப்பே கிடையாது. எழுபது வயசு பாட்டியும் திறக்கலாம்.

இதன் ரகசியம் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரண்டு திருகுகள். நடுவே இருக்கிற குழாயில் உள்பக்கமும் மரை, வெளிப்பக்கமும் மரை. ஒரு திருகு ஓடி முடிந்து முட்டினால்தான் அடுத்தது ஓட ஆரம்பிக்கும். 1802-இல் இதற்குக் காப்புரிமை வாங்கியவர் எட்வர்ட் தாமசன். பர்மிங்ஹாமில் செருப்புக்கும் பெல்ட்டுக்கும் பக்கிள் செய்கிறவரின் மகன். போல்ட்டனிடமே தொழில் பழகியவர். பாதிரியாரின் வில்லை எந்தத் தொழிற்சாலையில் உருவானதோ அதே பட்டறை வாசனை இவர் மேலும் இருந்திருக்கிறது.

தாமசன் கெட்டிக்காரர், கொஞ்சம் தற்பெருமைக்காரர். பிற்காலத்தில் தன் வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதினார். பதக்கங்கள் செய்து ராஜாக்களுக்கெல்லாம் அனுப்புவது, பதிலுக்கு வந்த விருதுகளை எண்ணுவது, இப்படி நிறைய. 1832-இல் சர் பட்டமும் கிடைத்தது. அவர் காலத்தில் காப்புரிமை 14 வருஷம். அந்த 14 வருஷத்தில் 1,30,000 திருகிகள் செய்ததாக அவர் கணக்கு. பெருமைக்குக் கொஞ்சம் கூட்டியிருந்தாலும், இன்றும் அவை ஏலத்தில் வந்துகொண்டே இருப்பதைப் பார்த்தால் பெரிய பொய்யாகத் தெரியவில்லை.

பதினாலு வருஷம் முடிந்தது. அடுத்த நாளே என்று சொல்லலாம், பர்மிங்ஹாமின் மற்ற பட்டறைகள் அதே குழாயை, அதே லத்தீன் வாசகத்தோடு செய்ய ஆரம்பித்தன. தாமசன் பெயரையே பொறித்தவர்களும் உண்டு. ஆகவே என்னிடம் இருப்பது தாமசன் பட்டறையில் பிறந்ததா, பக்கத்துத் தெருவில் பிறந்ததா என்று சத்தியம் பண்ண மாட்டேன். எனக்கு அதில் வருத்தமும் இல்லை. காப்புரிமையின் பேரமே அதுதான். நீ ரகசியத்தை எழுதிக் கொடு, 14 வருஷம் வேறு யாரும் தொடாமல் பார்த்துக்கொள்கிறோம், அதன் பிறகு அது எல்லோருக்கும் சொந்தம். எழுதாமல் மறைத்தவனின் ரகசியம் அவனோடு போகும். எழுதியவனின் ரகசியம் பக்கத்துத் தெருவுக்குப் போகும். (நம் நாட்டில் இப்போது அது 20 வருஷம், விண்ணப்பித்த நாளிலிருந்து.)

பக்கத்துத் தெரு என்ன, பக்கத்து நாட்டுக்கே போகும். 1884-இல் மார்ஷல் வியர் என்பவர் கத்தரிப்பூட்டு போல விரிந்து மடங்கும் ஒரு திருகிக்குக் காப்புரிமை எடுத்தார். பழைய கடைகளின் முன்னால் இழுத்து மூடும் குறுக்குக் கம்பிக் கதவு இருக்குமே, அந்த அமைப்பு. பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் ஹீலி கம்பெனி செய்தது. முதல் உலகப் போர் முடிந்த பிறகு ஜூல் பார் என்ற பிரெஞ்சுக்காரர் அதே குடும்பத்தில் 'ஜிக்-ஜாக்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பிரான்சில் பல தலைமுறை வீடுகளில் அதுதான் இருந்தது. வியரின் பெயர் அந்த வீடுகளில் யாருக்குத் தெரியும்?

1880-களில் திடீரென்று திருகிகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்துவிட்டதா? இல்லை. கட்டணம் குறைந்தது! 1852-இல் சட்டத்தைத் திருத்தி, பல மேசைகளை ஒரே அலுவலகமாக்கி, ஆரம்பக் கட்டணத்தை 25 பவுண்டாக்கினார்கள். 1883 சட்டத்தில் அது 4 பவுண்டு ஆனது. அதுவரை வருஷத்துக்கு ஏறக்குறைய 6,000 விண்ணப்பம் வந்துகொண்டிருந்த அலுவலகத்துக்கு 1884-இல் ஏறக்குறைய 17,000 வந்தது. ஒரே வருஷத்தில் ஜனங்களின் மூளை மூன்று மடங்கு வளர்ந்துவிடவில்லை. மூளை முன்பே இருந்தது, வாசலில் காத்துக்கொண்டிருந்தது. இந்தக் கணக்கை முதல் தடவை பார்த்தபோது அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அந்தக் கூட்டத்தில் இன்றும் உயிரோடு இருப்பவர்கள் இரண்டு பேர். ஒன்று, இரண்டு பக்கமும் கை தூக்கிச் சரணடைவது போல நிற்குமே, அந்த இரட்டை நெம்புகோல் ரகம். ஹீலி குடும்பத்தின் 1888 காப்புரிமை அதற்கு ஒரு பெரிய மைல்கல். அமெரிக்காவில் அந்த ரகத்துக்கு டொமினிக் ரோசாட்டி காப்புரிமை வாங்கியது 1930-இல். நாட்டில் மதுவிலக்கு இருந்தது 1920 முதல் 1933 வரை! மதுவிலக்கு நடக்கும்போதே பாட்டில் திறக்க உரிமை எழுதி வாங்கிய சிகாகோக்காரர். முன்யோசனை என்றால் அது.

மற்றொன்று கார்ல் வீன்கேயுடையது. ஜெர்மனியில் ரோஸ்டாக் என்கிற துறைமுக ஊர்க்காரர். 1882-இல் ஜெர்மன் காப்புரிமை, அடுத்த வருஷமே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும். பேனாக்கத்தி போல மடங்கும். நடுவே சுருள், ஒரு நுனியில் பாட்டில் விளிம்பில் ஊன்றிக்கொள்ள ஒரு கால். ஊன்றி நெம்பினால் தக்கை வரும். கடப்பாரை தத்துவம், சட்டைப் பைக்குள். ஓட்டல் பரிமாறுகிறவர்கள் இன்றும் வைத்திருப்பது இதன் வாரிசுகளைத்தான். அமெரிக்காவில் அதற்கு 'ஒயின் கீ' என்று பெயர் வந்தது வீன்கே என்பது வாயில் நுழையாததால்தான் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கும் பெயர்க்காரணக் கதைகளை நான் நம்புவதில்லை.

சுருளே இல்லாத ஒன்றும் உண்டு. 1879-இல் அமெரிக்காவில் லூசியன் மம்ஃபோர்ட் காப்புரிமை வாங்கியது. இரண்டு மெல்லிய தகடுகளைத் தக்கையின் இரு பக்கமும் இறக்கி, முறுக்கி எடுத்தால் தக்கையில் ஓட்டையே விழாது. நல்ல சரக்கை எடுத்துக்கொண்டு மட்டமானதை ஊற்றி அதே தக்கையை வைத்து மூடும் பட்லர்களுக்கு இது உற்ற நண்பன் என்று கேலி செய்வார்கள்.

தக்கை என்றாலே மது என்று நினைத்துவிடக் கூடாது. மருந்து, மை, வாசனைத் திரவியம், ஊறுகாய்ச் சாறு எல்லாவற்றுக்கும் தக்கைதான். என் சின்ன வயதில்கூட டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் மிக்ஸ்சர் ஊற்றிக் கொடுக்கும் பாட்டிலுக்குக் கார்க்தான் இருக்கும். காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி வேளை அடையாளம் ஒட்டியிருப்பார். அமெரிக்காவில் வில்லியம் க்ளஃப் என்பவர் 1870-களில் ஒரே கம்பியை வளைத்து, ஒரு முனை வளையமாகவும் மறுமுனை சுருளாகவும் ஆக்கி, அதைச் செய்ய இயந்திரமும் அமைத்தார். மருந்து பாட்டிலோடு இனாமாகக் கொடுக்கும் அளவுக்கு மலிந்துபோனது. தாமசனின் பித்தளைக் கோட்டைக்கு நேர் எதிர். எனக்கென்னவோ இரண்டில் க்ளஃப்தான் பெரிய ஆள் என்று தோன்றும்.

இன்னொரு பக்கம் தக்கையையே ஒழிக்கப் புறப்பட்டவர்கள். அவர்களில் ஒருவரை உங்களுக்கெல்லாம் தெரியும், பெயர்தான் தெரியாது. ஹிராம் காட். லண்டன்காரர். கார்க் கம்பெனிக்காக ஊர் ஊராகச் சுற்றிய விற்பனையாளர் என்று சொல்வார்கள். சோடா பாட்டிலில் காற்று அடைத்திருப்பதால் தக்கை பிய்த்துக்கொண்டு போகும். கம்பி போட்டுக் கட்டணும். தக்கை காய்ந்தால் சுருங்கும் என்று பாட்டிலை முட்டை வடிவத்தில் செய்து நிற்கவே விடாமல் படுக்கப் போட்டார்கள். காட் யோசித்தார். எந்தக் காற்று தக்கையைத் தள்ளுகிறதோ அந்தக் காற்றையே மூடியாக்கினால் என்ன? கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயில் ஒரு ரப்பர் வளையம். தலைகீழாக நிரப்பினால் கோலி வாய்க்கு வந்து உட்காரும், காற்று அதை வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். குடிக்கும்போது கோலி திரும்ப வந்து அடைக்காமல் இருக்கக் கழுத்தில் இரண்டு பள்ளம். 1872 காப்புரிமை. ஆமாம், நம்ம கோலி சோடா! பிறந்த நாட்டில் அது அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இங்கே பஸ் ஸ்டாண்டு வாசலில் இன்னும் 'டப்'பென்று சத்தம் போடுகிறது. தடுத்து நின்றே முன்னேற்றும் என்று பாதிரியார் பொறித்த வாசகம் கோலிக்கும் பொருந்துமோ என்று நான் யோசிப்பதுண்டு.

காட் 1887-இல் இறந்தார். 1892-இல் பால்டிமோர் நகரின் வில்லியம் பெயின்டர் பல் வைத்த தகர மூடிக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு தடவை போட்டு எறிந்துவிடும் மூடி. அவரிடம் விற்பனையாளராக இருந்த ஒருவரிடம், ஜனங்கள் உபயோகித்துவிட்டு எறிந்து மறுபடி வாங்குகிற மாதிரி நீயும் எதையாவது கண்டுபிடியேன் என்று சொன்னாராம். அந்த விற்பனையாளர் பெயர் கிங் ஜில்லெட். இன்று காலை இங்கே பாதிப் பேர் அவர் கண்டுபிடித்த வழியில்தான் சவரம் செய்துகொண்டு வந்திருப்பீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தக்கைத் திருகியில் செய்ய ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்தால், 1979-இல் டெக்சாஸில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவிகளில் ஊறிய ஹெர்பர்ட் ஆலன் வந்தார். நீளமான சுருளுக்கு டெஃப்லான் பூச்சு கொடுத்தார். உராய்வு போயிற்று. ஒரே திசையில் திருகிக்கொண்டே இருந்தால் தக்கை தானே ஏறி வரும். அட, இது தாமசன் செய்ததுதானே என்கிறீர்களா? பலன் அதே, வழி வேறு. தாமசனுக்கு இரண்டு திருகு தேவைப்பட்டது, ஆலனுக்கு ஒன்று போதும். தோசைக்கல்லில் பூசும் சமாசாரம் 177 வருஷம் கழித்து வந்து ஒரு திருகைக் குறைத்தது.

இந்தியாவில் காப்புரிமைச் சட்டம் 1856-இல் வந்தது. முதல் உரிமை கல்கத்தாவில் ஜார்ஜ் டிபென்னிங் என்ற சிவில் இன்ஜினீயருக்கு, பங்கா இழுக்கும் இயந்திரத்துக்காக. பங்கா இழுத்து இழுத்துத் தோள் வலித்தவர்களில் எத்தனை பேர், கயிற்றை இப்படிக் கட்டினால் சுலபமாக இருக்குமே என்று யோசித்திருப்பார்கள்! பதிவேட்டில் இருப்பது டிபென்னிங் பெயர்.

ஏன் தூக்கம் வரவில்லை என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா.

நம் ஃபிட்டிங் ஷாப்பை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. தகரக் கூரை, மத்தியானத்தில் அடுப்பு மாதிரி இருக்கும். அங்கே இருந்த இன்ஸ்ட்ரக்டரை நாம் யாரும் இன்ஸ்ட்ரக்டர் என்று கூப்பிட்டதில்லை. மேஸ்திரிதான். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். இரும்பில் ஓட்டை போட்டு டேப் விட்டு மரை எடுக்கும்போது நாம் அவசரப்பட்டு முறித்துவிடுவோம். முறிந்த டேப் உள்ளே சிக்கிக்கொள்ளும். ஜாப் குப்பைக்கு, மார்க் பூஜ்யம். அழுகிற முகத்தோடு அவரிடம் போனால், "ஏண்டா, அது என்ன கரும்பா, முறிச்சுத் திங்கறதுக்கு?" என்பார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுப்பார்.

டேப்பில் நீளவாக்கில் காடி இருக்கும் அல்லவா, அந்தக் காடிகளுக்குள் இறங்கும்படி மெல்லிய எஃகுக் கம்பிகள், குடைக் கம்பியை அடித்துப் பதம் போட்டவை. அவை வளையாமலிருக்க ஜாப்பின் மேல் வந்து முட்டி உட்காரும் ஒரு வளையம். வளையம் தடுத்து நிற்கும், கம்பிகள் டேப்பைத் திருப்பும். நாலு சுற்று, முறிந்த துண்டு வெளியே வரும். பிற்காலத்தில் அதே எண்ணத்தில் செய்த வெளிநாட்டுக் கருவியைக் கடையில் பார்த்தேன். எண்ணம் புதிதில்லை, சரி. ஆனால் மேஸ்திரியுடையதில் வேறொன்று இருந்தது. மூன்று காடி டேப்புக்கும் நாலு காடி டேப்புக்கும் ஒரே கருவிதான். வளையத்தை அரைச்சுற்று திருப்புவார், ஒரு கம்பி ஒதுங்கிக்கொள்ளும், மற்றவை இடம் மாறி நிற்கும். கடையில் பார்த்த எதிலும் அது இல்லை. அது எப்படி நடந்தது?

எனக்குத் தெரியாது. நாலு வருஷம் பார்த்தேன், பத்துத் தடவையாவது அதன் தயவில் பாஸ் ஆனேன், ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்க்கவில்லை. ஊரார் கொண்டுவந்த சாமான்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிய எனக்கு, அந்த 17,000 கணக்கைப் படித்த இரவுதான் அந்தக் கருவி ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் ரயில் ஏறி வந்தேன். மேஸ்திரி காலமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. பழைய ஷெட்டை இடித்துவிட்டு லேப் கட்டிக்கொண்டிருந்தார்கள். அலமாரி எங்கே என்று கேட்டேன், பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பார்க்கிறவன் கண்ணுக்கு அது துருப்பிடித்த குடைக்கம்பி.

ஞாபகத்திலிருந்து ஒரு படம் வரைந்து கொண்டுவந்திருக்கிறேன். வாசல் பக்கம் மேசையில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கவாட்டில் எப்படி என்று இரண்டு தோற்றம். வளையத்தின் உள்பக்கத்தை மட்டும் வரையாமல் வெள்ளையாக விட்டிருக்கிறேன். வகுப்பைக் கட் அடிக்காமல் அந்த ஷாப்பிலேயே கிடந்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். யாருக்காவது அந்த உள்பக்கம் ஞாபகம் இருந்தால், பென்சிலும் அங்கேயே வைத்திருக்கிறேன். படத்தின் கீழே மேஸ்திரியின் பெயரை எழுதியிருக்கிறேன். இன்ஷியல் மட்டும் சரியா என்று ஆபீசில் பழைய சம்பளப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வதாகத் தலைமை எழுத்தர் சொல்லியிருக்கிறார்.

டீ வந்துவிட்டது போலிருக்கிறது. அந்தப் பித்தளைக் குழாய் இப்போது யாரிடம் இருக்கிறது?